யாரும் தோற்காத ஆட்டம்

ஊஊஊங்!

தலைக்கு நேர் மேலே சங்கு அலறியதும் வெள்ளச்சி துள்ளி எழுந்தாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் கூடத்தில் வேறு யாரும் ஓடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுத்து விட்டார். கதவோரம் நின்ற அலுவலக உதவியாளர் பழனி கையை நீட்டி அவளை மறித்தார்.

"ஓடாதம்மா. ஒண்ணுமில்ல. நீ பேசுனதுக்குத்தான் ஊதுச்சு."

"நான் இன்னா பேசிட்டேன்? கொல்லையில அறுப்பு இருக்குது, சீக்கிரம் விட்டுட்டா..."

ஊஊஊங்!

பழனி வாயைத் திறக்காமல் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'இவ்வளாகத்தில் தவிர்க்க வேண்டிய வன்சொற்கள்' என்று தலைப்பிட்டு நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள் எழுதியிருந்தன. ஏழாவது வார்த்தை அறுப்பு.

"பயப்படாம வந்து உட்காருங்க," என்றார் அதிகாரி அம்மாள். அவர் பெயர் செந்தமிழ்ச்செல்வி. அங்கே அவருடைய பதவிக்கு 'இணக்குநர்' என்று பெயர். "நீங்க சொல்ல வந்ததை, கதிர்களுக்கு வழியனுப்பு விழான்னு சொல்லலாம்."

வெள்ளச்சி மேலே இருந்த ஒலிபெருக்கியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் எட்டு நாள்ல எங்க கொல்லையில சாமைக்கு வழியனுப்பு விழாங்க."

சங்கு ஊதவில்லை. இணக்குநர் மகிழ்ச்சியுடன் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்கும் அதன் முழுப்பெயர் 'மாவட்ட அகிம்சை வியூக விளையாட்டு இயக்ககம்'. பிள்ளைகள் வியூக விளையாட்டுகளை ஆடி ஆடித்தான் அடிதடி கற்கிறார்கள் என்று ஒரு குழு அறிக்கை கொடுத்ததும் அது பிறந்தது. பிறந்த கையோடு சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்த சதுரங்கப் பலகைகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னது. சிப்பாய்களுக்குப் பணிவிடுவிப்புக் கடிதம் தரப்பட்டது. யானைகளை வனத்துறைக்கும் குதிரைகளைக் கால்நடை மருத்துவமனைக்கும் அனுப்பிவைத்தார்கள். ராஜாக்களை வாங்கிக்கொள்ள எந்தத் துறையும் முன்வராததால் அவர்கள் இயக்குநரின் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார்கள்.

அத்தோடு இயக்ககத்துக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. வேலை இல்லாத அலுவலகத்தை மூடிவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. மறுவாரமே புதிய திட்டம் வந்தது. மக்களின் ஆட்சேபனை மனுக்களை விசாரிக்க வேண்டாம், வன்முறையற்ற வியூக விளையாட்டாக ஆடித் தீர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளச்சியிடம் அப்படி ஒரு மனு இருந்தது. கரியாலூரைத் தாண்டி அருவிக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. ஆடி மாதம் நான்கு பேர் வந்து சாமை விதைத்திருந்த மண்ணில் சிவப்புக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். சுற்றுலா வேன்கள் நிற்க இடம் வேண்டுமாம். புருஷன் குப்பன் குடகில் மிளகு பறிக்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டு மணிமொழியை எழுதச் சொல்லி, கைநாட்டு வேண்டாம் என்று தானே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டு, மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள் வெள்ளச்சி. மூன்று மாதம் பதில் இல்லை. கதிர் முற்றி மணி பிடித்துச் சாய்ந்த நேரம் பார்த்து 'ஆட்ட அழைப்பாணை' வந்தது. குறிப்பிட்ட நாளில் காலை ஒன்பதரைக்கு வராவிட்டால் மனு தள்ளுபடி. விடியுமுன் கிளம்பி, கச்சிராயப்பாளையம் வழியாக முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள்.

வந்ததும் அவளுடைய செல்போனை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார் பழனி. "வெளிச் சஞ்சலம் உள்ள வரக் கூடாதுன்னு ரூல்ஸு," என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்குன்னு ஏம்மா வந்த?" என்று கேட்டார்.

"வராட்டி தள்ளுபடின்னு போட்டிருந்துச்சேங்க."

"ஆமா, போட்டிருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பழனி வேறு பக்கம் பார்த்தார்.

பத்து மணிக்கு எதிராளி வந்தார். எதிராளி என்பது பலகையில் இருபத்து மூன்றாவது வார்த்தை. ஆகவே 'எதிரே அமரும் அன்பர்'. வேன் நிறுத்துமிடம் கட்டக் குத்தகை எடுத்திருந்த காசிநாதன்தான் அந்த அன்பர். வெள்ளைச் சட்டை, விரலில் பச்சைக் கல் மோதிரம்.

"இன்னாம்மா, சவுக்கியமா? மலையில மழை உண்டா?" என்று உறவுக்காரர் மாதிரி விசாரித்தபடி உட்கார்ந்தார்.

மேசை மேல் அறுபத்து நான்கு கட்டம் போட்ட துணி விரிக்கப்பட்டது. நடுவில் மலை, ஓடை, பாறை, மூலையில் நீலமாக அருவி. ஐந்து மரவேன்கள் காசிநாதனுக்கு. வெள்ளச்சிக்கு 'மனுதாரர்' என்று எழுதிய ஒரு பொம்மையும், அவள் நிலத்துக்கு அடையாளமாகத் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைக் கட்டையும். ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை.

இணக்குநர் விதிகளை வாசித்தார்.

"வேன் எந்தப் பக்கமும் எத்தனை கட்டமும் போகலாம். விருந்தினரைத் தடுப்பது பண்பாடு இல்லை. மனுதாரர் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு கட்டம் நகரலாம்."

"முன்னாலீங்க?"

"முன்னேறுவது ஆக்கிரமிப்பு மனப்பான்மை."

"சரிங்க."

"தாயக்கட்டையை வீசக் கூடாது. அது கட்டைக்குச் செய்யும் கொடுமை. வேண்டிய எண் மேலே வருமாறு மெதுவாக வைக்க வேண்டும்."

காசிநாதன் பன்னிரண்டு வைத்தார். வெள்ளச்சியும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு வைத்தாள். இணக்குநர் வருத்தத்துடன் அதைத் திருப்பி ஒன்றாக்கினார். "பேராசையும் ஒருவகை வன்முறைதான்ம்மா."

அப்போது பிஸ்கட் டப்பா கடகடவென்று அதிர்ந்தது.

"என் போனுங்க."

"ஆட்டத்துல கவனம் வைங்க."

ஆட்டம் தொடங்கியது. வெள்ளச்சி இந்த மாதிரித் துணியில் ஆடியதில்லை. ஆனால் ஆடத் தெரியாதவள் இல்லை. கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றி வராமல் காவல் இருக்கும்போது, பரண் அடியில் மண்ணில் குழி பறித்து, ஆமணக்குக் கொட்டை வைத்து மணிமொழியோடு பொழுதெல்லாம் ஆடியவள். துணியை நிதானமாகப் பார்த்தாள். அருவிக்குப் போக ஓடைக்கும் பாறைக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம்தான் இடைவெளி. அது அவளுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் போகத்தான் அனுமதி இருக்கிறதே. ஒரு கட்டம் பின்னால், இன்னும் ஒரு கட்டம் பின்னால், பக்கவாட்டில் ஒன்று. பொம்மையும் பச்சைக் கட்டையும் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்துவிட்டன. ஐந்து வேன்களும் வரிசையாக நின்றன.

காசிநாதன் மோதிரத்தைத் திருகினார். இணக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

யாரையும் துணியை விட்டு வெளியேற்ற விதியில் இடம் இல்லை. இடம் வேண்டியவர் ஒரு புளியங்கொட்டையை வைத்துக் 'கேட்கலாம்'. மற்றவர் சம்மதிக்க முழுச் சுதந்திரம் உண்டு. மறுக்கவும் உண்டு. மறுத்தால் அவரும் ஒரு கொட்டையை இழப்பார், இயக்குநர் வந்து பேசுவதைக் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் தள்ளிக்கிறியாம்மா?" என்று காசிநாதன் ஒரு கொட்டையை வைத்தார்.

"இல்லீங்க," என்று வெள்ளச்சி ஒன்றை வைத்தாள்.

இயக்குநர் இளஞ்செழியன் உள்ளறையிலிருந்து வந்தார். நரைத்த தாடி, கதர் மேல்துண்டு, சட்டைப் பையில் இரண்டு செல்போன். அவருடைய போன்கள் டப்பாவுக்குப் போவதில்லை. சஞ்சலங்களை அவர் நேரடியாகச் சமாளிக்கக் கூடியவர்.

"அம்மா, உலகத்துல எந்த வியூக விளையாட்டை எடுத்தாலும் ஒருத்தர் இன்னொருத்தர் இடத்துக்குப் படையோட போறார். ரத்தம், அழுகை. அதைத்தான் நாங்க மாத்தியிருக்கோம். எங்க ஆட்டத்துல யாரும் யாரையும் தொடுறதில்ல. அவங்களே நகர்ந்துக்கிறாங்க. போன வருஷம் இருநூத்திப் பன்னெண்டு மனு ஆடினோம். ஒருத்தர்கூட தோக்கல."

"அப்ப அந்த நெலமெல்லாம் அவங்ககிட்டயே இருக்குதுங்களா?"

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். "நீங்க இன்னும் நிலத்துலயே நிக்கிறீங்க. நான் மனசைப் பத்திப் பேசறேன்."

இரண்டாவது முறை கேட்டார் காசிநாதன். இல்லீங்க. இயக்குநர் மரங்களைப் பற்றிப் பேசினார். மரம் தன் நிழலை யாருக்கும் மறுப்பதில்லையாம். நிழல் கொடுக்கிற மரம் இடத்தை விட்டு நகர்வதும் இல்லையே என்று வெள்ளச்சிக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. மூன்றாவது முறை ஓடையைப் பற்றிப் பேசினார். நான்காவது முறை, மலையில் விளையும் தேனைப் பற்றிப் பேசி, மறக்காமல் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு பேச்சுக்கும் கால் மணி நேரம். ஒவ்வொரு பேச்சின் நடுவிலும் பிஸ்கட் டப்பா அதிர்ந்தது. வெள்ளச்சி திரும்பிப் பார்ப்பாள். "கவனம், கவனம்," என்பார் இணக்குநர்.

ஆறாவது மறுப்போடு இரண்டு பேர் கையும் காலியாயிற்று. காசிநாதனிடம் கேட்கக் கொட்டை இல்லை. வேன் நகர வழி இல்லை. வெள்ளச்சி சந்தில் இருந்தாள், பச்சைக் கட்டை அவள் பக்கத்தில் இருந்தது.

இந்த இயக்ககத்தின் சரித்திரத்தில் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை. பொருந்தும் பெயர்கள் எல்லாம் வன்சொல் பலகையில் இருந்தன.

காசிநாதன் வெறுங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளச்சி அங்கேதான் தவறு செய்தாள். அவளுடைய ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் கை காலியாகிவிட்டால் தன் குழியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். கடைசிக் கொட்டையாக இருந்தாலும் கொடுப்பார்கள். வெறுங்கையோடு ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு ஆடியதாகப் பேர் வரக் கூடாது. வாங்கியவள் ஆட்டத்தை விட்டு எழுவதற்கு முன் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டும். வைக்காமல் எழுந்தவள் என்று அந்த ஊரில் யாரையும் காட்ட முடியாது. இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும்.

வெள்ளச்சியின் கையும் போயிற்று. பச்சைக் கட்டையை எடுத்துக் காசிநாதன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வச்சு ஆடுங்க. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி குடுத்துடணும்."

"ம்," என்றார் காசிநாதன்.

இயக்குநர் எழுந்து நின்றார். இணக்குநரும் எழுந்தார். இரண்டு பேரும் கைகளை உயரத் தூக்கிக் காற்றில் அசைத்தார்கள். கை தட்டுவது அங்கே தடை. இணக்குநர் கண் கலங்க ஏட்டில் எழுதியதை உரக்க வாசித்தார். "மனுதாரர் திருமதி வெள்ளச்சி குப்பன், எவ்வித வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து, தம் நிலத்தை எதிரே அமரும் அன்பருக்கு அளித்தார். இத்துடன் ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

"அய்யே, அளிக்கலங்க! ஆடுறதுக்குக் குடுத்தேன். முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும்."

"ஆட்டம் முடியாதும்மா," என்றார் இயக்குநர். "முடிஞ்சா ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு ஆயிடும். முடிவுதான் எல்லா வன்முறைக்கும் வேர். இங்க ஒத்திவைப்பு மட்டும்தான்."

"அப்ப கட்டை?"

"திரும்பக் கேக்கறதுக்குப் பேர் என்ன தெரியுமா? பறிக்..." என்று தொடங்கிய இணக்குநர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். சங்கு பாதி ஊதி நின்றது.

காசிநாதன் கட்டையை இணக்குநரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "வரட்டாம்மா? மலைக்கு வந்தா பாக்கறேன்." இணக்குநர் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளச்சி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஒருவர் வாங்கியதை வைக்காமல் எழுந்து போவதை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள். பார்த்ததாலேயே தன் மேலும் ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நான் எழுந்திரிக்கலங்க," என்றாள்.

"என்னது?"

"கட்டை வர்ற வரைக்கும் ஆட்டம் முடியல. நீங்களே சொல்லிட்டீங்க, முடியாதுன்னு. நான் ஆடிக்கினு இருக்கேன்."

இயக்ககத்துக்கு இது பெரிய சோதனையாகிவிட்டது. விதி பதினான்கின்படி எந்த மனுதாரரையும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது. எழுந்திருங்கள் என்று இரண்டு முறைக்கு மேல் சொல்வது வற்புறுத்தல். மதியச் சாப்பாட்டு வேளையில் உள்ளறையில் கூட்டம் போட்டார்கள். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். மற்ற நாற்காலிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள், அவளுக்கே தனிமை தோன்றி எழுந்துவிடுவாள் என்று. நடுக்கூடத்தில் ஒற்றை நாற்காலியில் அவள் துணியைப் பார்த்தபடி இருந்தாள். இயக்குநர் ஒரு மணி நேரம் எதிரே நின்று விட்டுக்கொடுத்தலின் இன்பம் பற்றிப் பேசினார். நடுவில் அவருக்குத்தான் கால் வலித்தது.

மூன்று மணிக்குப் பழனி டீ கொண்டுவந்தார். கருணாபுரத்துக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு இரக்கம் உண்டு.

"இன்னாத்துக்கும்மா இப்படி? ஒரு மரக்கட்டைதானே. என் பொண்ணு வெளையாடுறதுக்கு ஒரு பை நிறைய இருக்குது, எடுத்தாந்து தரட்டா?"

"கட்டைக்கு இல்லீங்க. அதை வச்சுக்கினு நான் மனசார குடுத்தேன்னு எழுதிட்டாங்க. நாளைக்கு அதைக் காட்டி நெலத்துல எறங்கிடுவாங்க. கட்டை என் கைக்கு வந்துட்டா எழுத்தும் மாறிடும் இல்ல?"

பழனி டம்ளரை வைத்தார். எதையோ சொல்ல வந்தார். உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது, குடி," என்று மட்டும் சொன்னார். டப்பா மறுபடியும் அதிர்ந்தது.

"அதையாவது குடுங்களேன். மணிமொழியாத்தான் இருக்கும். கொல்லையைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஆட்டம் முடிஞ்சாத்தான் தரணும்னு ரூல்ஸும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு மணி பஸ் போயிற்று. வெள்ளச்சி அசையவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு நாள். இவர்கள் எழுத்தை மாற்றிவிட்டால் எட்டாம் நாள் மணிமொழியையும் இன்னும் நாலு பெண்களையும் அழைத்து ஒரே மூச்சில் வழியனுப்பு விழாவை முடித்துவிடலாம். அந்த வார்த்தை தனக்கே பழகிவிட்டதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்து இருபதுக்கு உள்ளறையில் இயக்குநரின் போன் 'டிங்' என்றது. அவர் படித்தார். காலையிலிருந்து இறுகியிருந்த முகம் இளகியது. இணக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினார். இணக்குநரும் மூச்சை இழுத்து விட்டார். பிறகு இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். இழுப்பறையைத் திறந்து பச்சைக் கட்டையை எடுத்து, ஒரு தாம்பாளத்தில் வைத்து, இயக்குநர் இரண்டு கையாலும் நீட்டினார்.

"உங்க உறுதிக்கு இந்த இயக்ககம் தலைவணங்குது. ஆட்டத்தை உங்களுக்காக முடிச்சு வைக்கிறோம். உங்க நிலம் உங்ககிட்டயே."

"எழுத்துங்க?"

"அடிச்சாச்சு," என்றார் இயக்குநர். சங்கு ஊதியது. அவர் புன்னகையோடு அது ஓயும்வரை காத்திருந்தார். இணக்குநர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். காலையில் எழுதிய வரிக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கீழே, 'மனுதாரரின் ஆட்சேபனை முழுமையாக ஏற்கப்பட்டது' என்று எழுதி முத்திரையும் வைத்திருந்தது.

வெள்ளச்சி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். கட்டையை முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள். நாள் முழுக்க மடங்கியிருந்த முழங்கால் வலிக்க வலிக்க எழுந்து, இரண்டு பேரையும் கும்பிட்டாள்.

"நல்லா இருக்கணுங்க நீங்க. மலைக்கு வாங்க, சாமைச் சோறு ஆக்கிப் போடறேன்."

பழனி டப்பாவைத் திறந்து போனைக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். முப்பத்தொரு தவறிய அழைப்பு. எல்லாம் மணிமொழி. முதல் அழைப்பு காலை பத்து ஐந்துக்கு வந்திருந்தது.

சிரித்த முகத்தோடு வெள்ளச்சி போனைக் காதில் வைத்தாள்.

"ஏ மணிமொழி, ஜெயிச்சுட்டேன்டி! கட்டையைக் குடுத்துட்டாங்க, எழுத்தும்..."

சங்கு ஊதியது. அதையும் மீறி மணிமொழியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எங்கக்கா போய்ட்ட நீ! பத்து மணியிலருந்து கூப்புட்டுக்கினு இருக்கேன். ரெண்டு ஜேசிபி வந்துச்சுக்கா. கொல்லைக்காரி எங்க, அவ இல்லாம தொடக் கூடாதுன்னு வண்டி முன்னாடி நின்னேன். அவளே கள்ளக்குறிச்சியில ஒக்காந்து பேசிக்கினு இருக்கா, வேணும்னா போன் போட்டுக் கேளுன்னு சொன்னாங்க. நீ எடுக்கல. கதிரு, வரப்பு, பரண் எதுவுமே இல்லக்கா. இப்பத்தான் ஜல்லியைக் கொட்டிட்டுப் போறாங்க... அக்கா? கேக்குதா அக்கா?"

வெள்ளச்சி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை இன்னொரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் இயக்குநரைப் பார்த்தாள்.

இயக்குநர் இளஞ்செழியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்குப் புத்தி சொல்வது போல அத்தனை கனிவாகச் சொன்னார்:

"பாத்தீங்களாம்மா, நீங்க இங்க உட்கார்ந்து ஆடிக்கிட்டிருந்ததால அங்க ஒருத்தர் மேலகூட ஒரு கீறல் விழல."